ஆஸ்ட்ரோசாட்டிலிருந்து சந்திரா மாதிரி படங்கள் ஏன் வருவதில்லை?

கேள்வி இது: "நாசாவின் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி எவ்வளவு அழகான படங்களை அனுப்புகிறது! நம் ஆஸ்ட்ரோசாட்டும் எக்ஸ்ரே செயற்கைக்கோள்தானே? அதிலிருந்து ஏன் அப்படி எதுவும் வருவதில்லை? கருவிகள் தரம் குறைந்தவையா? இயற்பியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு அந்தத் தரவால் ஏதாவது பயன் உண்டா?"

நீங்கள் படங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒரு எக்ஸ்ரே செயற்கைக்கோள் நன்றாக வேலை செய்கிறது என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பல ஆண்டுகளாக இந்தத் தரவோடு உழல்பவன் என்ற முறையில் அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல நினைக்கிறேன். அது தெளிவானால் மற்ற மூன்றுக்கும் விடை தானாக வந்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்போது கதிரை நாம் உண்டாக்கி, உடலுக்குள் செலுத்தி, மறுபக்கம் விழும் நிழலைப் பார்க்கிறோம். வானியலில் நாம் எதையும் அனுப்புவதில்லை. கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் இருக்கும் பொருள் தானாகவே எக்ஸ்ரே உமிழ்கிறது. அதை வாங்கிக்கொள்வது மட்டுமே நம் வேலை. பூமியின் காற்றுமண்டலம் அந்தக் கதிரை முழுவதும் விழுங்கிவிடும் என்பதால் மேலே போய்த்தான் வாங்க வேண்டும். சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் முதல் எக்ஸ்ரே மூலத்தை 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜாக்கோனி குழுவினர் கண்டதும் ராக்கெட்டில் வைத்து அனுப்பிய கருவியால்தான்.

சரி, சந்திராவுக்கு வருவோம். நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய அந்தத் தொலைநோக்கி 1999 ஜூலையில் கொலம்பியா விண்ணோடத்தில் ஏறிப்போனது. அதன் பிரிதிறன், அதாவது அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன், சுமார் 0.5 வில்விநாடி. ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி. 9 கிலோமீட்டர் தொலைவில் வைத்த ஒரு ரூபாய் நாணயம் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அவ்வளவு நுணுக்கம். எக்ஸ்ரேயில் இதைச் சாதிப்பது சாதாரண விஷயமில்லை. நேராக வந்து விழும் எக்ஸ்ரேயைக் கண்ணாடி திருப்பி அனுப்பாது, உள்ளே வாங்கிக்கொள்ளும். சின்ன வயதில் குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்திருப்பீர்கள். செங்குத்தாகப் போட்டால் மூழ்கும், தண்ணீரை உரசுகிற மாதிரி எறிந்தால் தத்தித் தத்திப் போகும். எக்ஸ்ரேயும் அப்படித்தான். கண்ணாடியை உரசிக்கொண்டு வந்தால் மட்டுமே தெறிக்கும். அதனால் எக்ஸ்ரே தொலைநோக்கியின் கண்ணாடிகள் தட்டுப் போல இருக்காது, குழாய் போல இருக்கும், ஒன்றுக்குள் ஒன்றாக. சந்திராவில் அப்படி நான்கு இணைகள். தடித்த கண்ணாடியை அணு அளவுக்கு வழவழப்பாகத் தேய்த்து, மேலே இரிடியம் பூசியிருக்கிறார்கள். குவியத்தூரம் 10 மீட்டர். அந்தக் கண்ணாடித் தொகுதியின் எடை மட்டுமே கிட்டத்தட்ட ஒரு டன். ஆஸ்ட்ரோசாட் முழுவதும் சேர்ந்தே ஒன்றரை டன்தான்.

ஆஸ்ட்ரோசாட்டில் இருக்கும் எஸ்எக்ஸ்டி என்ற மென் எக்ஸ்ரே (குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே) தொலைநோக்கியிலும் இதே தத்துவம்தான். ஆனால் அதன் கண்ணாடிகள் மெல்லிய அலுமினியத் தகடுகள். தங்கம் பூசிய 40 அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கின்றன; குவியத்தூரம் 2 மீட்டர். துல்லியமான வளைவு கொடுக்க வேண்டிய இடத்தில் கூம்பு வடிவம் கொடுத்துச் சமாளித்திருக்கிறார்கள். எடை குறையும், செலவு குறையும். படத்தின் கூர்மையும் குறையும். ஒரு புள்ளி ஒளி அதில் சுமார் 2 வில்நிமிட அகலத்துக்குப் பரவித் தெரியும் (ஒரு வில்நிமிடம் என்பது 60 வில்விநாடி). நம் வெறுங்கண்ணின் பிரிதிறன் சுமார் 1 வில்நிமிடம். எக்ஸ்ரேயில் எஸ்எக்ஸ்டியின் பார்வை நம் கண்ணைவிடக் கொஞ்சம் மங்கலானது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே நெபுலாக்களின் இழைகளையும் விண்மீன் திரள்களின் அலைகளையும் அது காட்டாது. இது உறுதியான விஷயம், இதை மழுப்ப வேண்டியதில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளையை எடுத்துக்கொள்வோம். தொலைவு சுமார் 7,200 ஒளியாண்டு. நிறை சூரியனைப் போல சுமார் 21 மடங்கு. அதன் விளிம்பின் விட்டம் 120 கிலோமீட்டர் சொச்சம். கணக்குப் போட்டால், நமக்குத் தெரியும் கோண அளவு சந்திராவின் பிரிதிறனைவிட நூறு கோடி மடங்குக்கும் மேல் சிறியது. சந்திராவுக்கும் அது வெறும் புள்ளி, எஸ்எக்ஸ்டிக்கும் வெறும் புள்ளி. கருந்துளையைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதை எக்ஸ்ரே படம் எடுத்துத் தெரிந்துகொள்ள இன்று யாராலும் முடியாது. ஆனால் அந்தப் புள்ளி மினுங்குகிறது. அந்த மினுக்கத்துக்குள்தான் செய்தி இருக்கிறது. சூரியனைப் போல 10 மடங்கு நிறையுள்ள, சுழலாத ஒரு கருந்துளைக்கு மிக அருகில் நிலையாகச் சுற்றக்கூடிய வளிமப் பொட்டு விநாடிக்குச் சுமார் 220 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு நாலரை மில்லிவிநாடி. அதைப் பிடிக்க வேண்டுமானால் மில்லிவிநாடிக்கும் குறைவான இடைவெளியில் வெளிச்சத்தை அளக்க வேண்டும். அந்தக் குறுகிய நேரத்துக்குள் போதுமான ஃபோட்டான்களும் (ஒளித்துகள்களும்) வந்து விழ வேண்டும். சந்திராவின் முக்கியக் கேமரா வழக்கமாக 3.2 விநாடிக்கு ஒருமுறைதான் படிக்கும். அந்த இடைவெளிக்குள் வளிமம் எழுநூறு சுற்றுச் சுற்றி முடித்திருக்கும்.

ஆஸ்ட்ரோசாட்டை வடிவமைத்தவர்கள் தெரிந்தேதான் கூர்மையை விட்டுவிட்டு நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு ஒரு பரம்பரையும் இருக்கிறது. 1975 ஏப்ரலில் போன ஆர்யபட்டாவிலேயே எக்ஸ்ரே கருவி இருந்தது. மின்சாரக் கோளாறால் சில நாட்களிலேயே சோதனைகள் நின்றுபோயின. 1996-ல் ஐஆர்எஸ் பி-3 செயற்கைக்கோளோடு சிறிய எக்ஸ்ரே எண்ணிகள் போயின. ஜிஆர்எஸ் 1915+105 என்ற விசித்திரமான கருந்துளை விட்டு விட்டு வெடிப்பதை அவை அழகாகப் பதிவு செய்தன. அந்த அனுபவத்தில்தான் பெரிதாக ஒன்று செய்யலாம் என்ற துணிவு வந்தது. 2004-ல் ஒப்புதல் கிடைத்தது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி-30 ஏறியது.

பாதை தேர்ந்தெடுத்த விதத்தையும் கவனியுங்கள். 650 கிலோமீட்டர் உயரம், நிலநடுக்கோட்டுக்கு 6 டிகிரி மட்டும் சாய்வு. தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே பூமியின் காந்தப்புலம் பலவீனமாக இருக்கிறது. அங்கே மின்னேற்றத் துகள்கள் தாழ இறங்கி வந்து எக்ஸ்ரே கருவிகளைத் திணறடிக்கும். சாய்வு குறைவாக இருந்தால் அந்தப் பகுதியின் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு போய்விடலாம். கூடவே துகள்களை எண்ணும் ஒரு சிறு காவல் கருவியும் உண்டு. துகள் வெள்ளம் வருகிறது என்று அது எச்சரித்தால் மற்றக் கருவிகளின் உயர் மின்னழுத்தத்தை இறக்கிவிடுவார்கள்.

நேரத்தை அளக்கும் முக்கியக் கருவிக்கு லாக்ஸ்பிசி என்று பெயர். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்தது. ஒரே மாதிரி மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றிலும் செனானும் கொஞ்சம் மீத்தேனும் கலந்த வாயு, காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே வரிசையாக உயர் மின்னழுத்தக் கம்பிகள். ஒரு எக்ஸ்ரே ஃபோட்டான் உள்ளே வந்தால் செனான் அணுவிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடும். அது இன்னும் பல எலக்ட்ரான்களைக் கிளப்பும். கம்பியை நெருங்கும்போது அந்தக் கூட்டம் பெருகி ஒரு மின்துடிப்பாகிவிடும். துடிப்பின் உயரம் ஃபோட்டானின் ஆற்றலுக்கு ஏற்றபடி இருக்கும். அவ்வளவுதான் தத்துவம். பழைய தொழில்நுட்பம்தான், ஆனால் பெரிதாகச் செய்ய முடியும். மூன்றும் சேர்ந்து சுமார் 6,000 சதுர சென்டிமீட்டர் பயனுறு பரப்பு. 3 முதல் 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கும் (இது ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு). ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த நேரத்தை 10 மைக்ரோவிநாடித் துல்லியத்தில் எழுதிவைக்கும். ஒரு ஃபோட்டானை எண்ணிவிட்டு அடுத்ததற்குத் தயாராக சுமார் 43 மைக்ரோவிநாடி போதும். கடின எக்ஸ்ரேயில், அதாவது அதிக ஆற்றல் எக்ஸ்ரேயில், புகழ்பெற்ற நாசாவின் நூஸ்டார் தொலைநோக்கிக்கு அந்த இடைவெளி 2.5 மில்லிவிநாடி. மங்கலான பொருள்களைப் பார்ப்பதில் நூஸ்டார் பல மடங்கு மேலானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கொழுந்துவிட்டு எரிகிற ஒரு கருந்துளையின் வேகமான துடிப்புகளை 30, 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும் பார்க்க வேண்டும் என்றால் நான் லாக்ஸ்பிசியிடம்தான் போவேன்.

அமெரிக்காவின் ஆர்எக்ஸ்டிஈ என்ற எக்ஸ்ரே செயற்கைக்கோள் இந்த வேலையைப் பதினாறு ஆண்டுகள் செய்துவிட்டு 2012 ஜனவரியில் ஓய்ந்தது. அந்த இடத்தை நிரப்பியது இதுதான். இன்னொரு முன்னேற்றமும் உண்டு. ஆர்எக்ஸ்டிஈ காலத்தில் பிரகாசமான மூலங்களைப் பார்க்கும்போது தரவைக் கீழே அனுப்ப வழி போதாமல் ஆற்றல்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்புவார்கள். லாக்ஸ்பிசி ஒவ்வொரு ஃபோட்டானின் நேரத்தையும் ஆற்றலையும் தனித்தனியாகத் தருகிறது. பிறகு நம் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம். 5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்கள் ஏறி இறங்குவதற்கும் 20-ல் இருப்பவை ஏறி இறங்குவதற்கும் எத்தனை மில்லிவிநாடி பின்னடைவு என்று கேட்கலாம். ஜிஆர்எஸ் 1915+105-ஐ 2017-ல் பார்த்தபோது விநாடிக்கு 67 முதல் 72 முறை வரை மாறும் ஓர் அதிர்வு கிடைத்தது. ஆர்எக்ஸ்டிஈ கண்ட அதே 67 ஹெர்ட்ஸ் அதிர்வின் உறவுதான். அது ஒரே இடத்தில் நிற்காமல் கொஞ்சம் நகர்கிறது என்பது கோட்பாட்டாளர்களுக்குப் பெரிய துப்பு. அதிர்வு இருக்கிறது என்பது உறுதி. ஏன் இருக்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கருந்துளையைச் சுற்றும் வளிம வட்டு தள்ளாடுகிறதா, உள்விளிம்பில் ஏதாவது அலை மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பல மாதிரிகள் போட்டியிடுகின்றன.

எஸ்எக்ஸ்டியை மறுபடி எடுக்கிறேன், ஏனென்றால் அதன் மங்கல் பார்வைக்கு ஒரு நன்மை இருக்கிறது. சிசிடி கேமராவில் ஒரே கட்டத்தில் (பிக்சலில்) ஒரே சமயத்தில் இரண்டு ஃபோட்டான்கள் விழுந்தால், கருவி அவற்றை இரட்டிப்பு ஆற்றல் கொண்ட ஒரே ஃபோட்டான் என்று எண்ணிவிடும். நிறமாலை கெட்டுப்போகும். சந்திராவில் ஒளி ஊசிமுனையாகக் குவிவதால் பிரகாசமான மூலங்களில் இது பெரிய தொல்லை. எஸ்எக்ஸ்டியில் ஒளி பரவி விழுவதால் தொல்லை குறைவு. 0.3 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை நிறமாலை எடுக்க அது மிகவும் உதவுகிறது. அதன் கேமராவைப் பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகம் செய்துகொடுத்தது. 2015 அக்டோபர் 26 அன்று அது முதன்முதலாகக் கண் திறந்து பார்த்தது பிகேஎஸ் 2155-304 என்ற தொலைதூரப் பிளேசாரை (நடுவில் உள்ள பெருங்கருந்துளையிலிருந்து நம்மை நோக்கித் தாரை பீறிடும் விண்மீன் திரளை).

இன்னும் கடினமான எக்ஸ்ரேக்குச் சிஇசட்டிஐ. காட்மியம் துத்தநாக டெல்லூரைடு என்ற படிகத்தால் ஆன 64 சிறு தட்டுகள், மொத்தம் 16,384 கட்டங்கள். இந்த ஆற்றலில் ஓட்டாஞ்சில்லு வித்தையும் சுலபத்தில் பலிக்காது. அதனால் மேலே துளைகள் இட்ட டாண்டலம் தகடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். கோலமாவு போட்டுத் தட்டும் துளைத் தட்டைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. வானத்தில் ஒரு மூலம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்கேற்ப அந்தத் துளைக்கோலத்தின் நிழல் கீழே இடம் மாறி விழும். எந்த நிழல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டு மூலத்தின் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சிஇசட்டிஐயில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் அந்தத் தகடும் பக்கச்சுவர்களும் கதிருக்கு ஒளிபுகும் கண்ணாடி போலாகிவிடுகின்றன. ஒரு திசையைப் பார்க்கச் செய்த கருவி, வானத்தின் பெரும்பகுதியையும் ஒருசேரக் கவனிக்கும் காவல்காரனாகிவிடுகிறது. காமா வெடிப்பு, அதாவது தொலைவானில் திடீரெனப் பீறிடும் காமாக் கதிர், எந்தப் பக்கம் நடந்தாலும், பூமி மறைக்காதவரை, அகப்படும். ஏவி எட்டு நாளிலேயே, 2015 அக்டோபர் 6 அன்று, முதல் வெடிப்பு சிக்கியது. 2023 நவம்பரில் எண்ணிக்கை 600-ஐ எட்டியது. 2017 ஜனவரியில் ஈர்ப்பலை ஒன்று பதிவானபோது அதை உண்டாக்கிய நிகழ்வின் ஒளி இதுதானோ என்று ஒரு மங்கும் ஒளிப்பொட்டைப் பலர் சந்தேகித்தார்கள். மறுநாள் நடந்த வேறொரு காமா வெடிப்பைச் சிஇசட்டிஐ பதிவு செய்திருந்தது. அந்த ஒளிப்பொட்டு இந்த வெடிப்பின் மிச்சம், ஈர்ப்பலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று காட்ட அந்தப் பதிவு உதவியது. தவறான வழியை அடைப்பதும் கண்டுபிடிப்புதான்.

தளவிளைவு (கதிரின் அலைகள் எல்லாப் பக்கமும் அதிராமல் ஒரே தளத்தில் அதிர்வது) பற்றிச் சொல்லும்போது மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். அதிக ஆற்றல் ஃபோட்டான் ஒரு கட்டத்தில் மோதிச் சிதறிப் பக்கத்துக் கட்டத்தில் அடங்கும். அது எந்தப் பக்கம் சிதற விரும்புகிறது என்பதில் கதிரின் தளவிளைவு தெரியும். வெடித்த விண்மீன் ஒன்றின் மிச்சமான நண்டு நெபுலாவையும் அதன் நடுவே விநாடிக்கு முப்பது முறை துடிக்கும் பல்சாரையும் (சுழலும் நியூட்ரான் விண்மீனையும்) சுமார் 8 லட்சம் விநாடி பார்த்து, 100 முதல் 380 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை தளவிளைவு சுமார் 33 விழுக்காடு என்று அளந்தார்கள். 2017 இறுதியில் வெளியான அந்த முடிவின் மொத்த அளவு எனக்கு நம்பகமாகவே படுகிறது. துடிப்புகளுக்கு இடையே, ஒளி அடங்கியிருக்கும் வேளையில், தளவிளைவு மாறுகிறது என்ற பகுதி மிகவும் சுவையானது. ஆனால் ஒரு துடிப்பைச் சிறு சிறு துண்டாக வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் ஃபோட்டான்கள் குறைவு. வேறொரு கருவி அதே ஆற்றலில் உறுதி செய்யும்வரை அதை ஒரு படி கீழேதான் வைப்பேன். காமா வெடிப்புகளின் தளவிளைவில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கதிர் செயற்கைக்கோளின் உடலையே ஊடுருவி வருவதால், அந்த உடல் எப்படிச் சிதறடிக்கும் என்று கணினியில் மாதிரி செய்துதான் விடை எடுக்கிறார்கள். தொடக்கத்தில் சில வெடிப்புகளில் தளவிளைவு மிக அதிகம் என்று வந்தது. ஐந்தாண்டுத் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் அப்படி இல்லை. தளவிளைவை அளப்பதற்கென்றே தனியாக ஒரு செயற்கைக்கோள், எக்ஸ்போசாட், 2024 ஜனவரி 1 அன்று போனது. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம் செய்த அதன் போலிக்ஸ் கருவி 8 முதல் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை தளவிளைவை அளக்கிறது.

எஸ்எஸ்எம் என்ற வான்கண்காணிப்புக் கருவி மெதுவாகச் சுழன்றுகொண்டே எங்காவது புதிதாக ஏதாவது பற்றி எரிகிறதா என்று பார்க்கும். அப்புறம் யூவிஐடி. இது எக்ஸ்ரே அல்ல, புறஊதாத் தொலைநோக்கி. உங்கள் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இதில்தான் இருக்கிறது, ஏனென்றால் இது படம் எடுக்கும், நன்றாகவே எடுக்கும். 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரட்டைத் தொலைநோக்கிகள். முழுநிலா அகலத்துக்கு ஒரே பார்வை. ஒன்றரை வில்விநாடிப் பிரிதிறன். அதற்கு முன் புறஊதாவில் வானத்தை அளந்த நாசாவின் கேலெக்ஸ் செயற்கைக்கோளின் பிரிதிறன் சுமார் 5 வில்விநாடி. பெங்களூரு இந்திய வான்இயற்பியல் நிறுவனம் இதைச் செய்தது. உணர்கருவிகள் கனடாவிலிருந்து வந்தன. புறஊதாக் கண்ணாடியில் ஒரு மெல்லிய எண்ணெய்ப்படலம் படிந்தாலும் பார்வை போய்விடும். அதனால் விண்வெளிக்குப் போன பிறகும் இரண்டு மாதம் கதவைத் திறக்காமலேயே வைத்திருந்தார்கள், செயற்கைக்கோளிலிருந்து கசியும் ஆவியெல்லாம் அடங்கட்டும் என்று. அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. 2020-ல், 930 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்மீன் திரளிலிருந்து கிளம்பிய கடும் புறஊதா ஒளியை அதன் ஆழப்படம் காட்டியது. ஆகவே ஆஸ்ட்ரோசாட் படம் அனுப்புவதே இல்லை என்பது சரியில்லை. அனுப்புகிறது, எக்ஸ்ரேயில் அல்ல.

இவ்வளவையும் ஒரே செயற்கைக்கோளில் ஏற்றியது ஏன்? கருந்துளையைச் சுற்றும் வட்டின் உள்பகுதி 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் ஒளிர்கிறது, அதாவது சுமார் ஒரு கோடி டிகிரி. அதற்கு மேலே இருக்கும் சூடான மின்ம (பிளாஸ்மா) மேகம் 10-லிருந்து 100 வரை உமிழ்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கின்றன, நிமிடத்துக்கு நிமிடம் மாறுகின்றன. மென்மையானதை இன்றைக்கும் கடினமானதை நாளைக்கும் பார்த்தால் நீங்கள் இரண்டு வேறு நிலைகளைப் பார்க்கிறீர்கள். எஸ்எக்ஸ்டி, லாக்ஸ்பிசி, சிஇசட்டிஐ, யூவிஐடி நான்கும் ஒரே திசையில் பார்க்கும்படி கட்டப்பட்டிருக்கின்றன. இதே காரியத்துக்குத் தனித்தனிச் செயற்கைக்கோள்களின் நேரங்களை ஒன்றாகப் பொருத்த முயன்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். லாக்ஸ்பிசியின் மூன்று பெட்டிகளில் ஒன்றில் வாயு கசிந்து 2018 மார்ச்சில் அணைத்துவிட்டார்கள். இன்னொன்றின் அளவீடு அதே மாதத்திலிருந்து நிலையாக இல்லை. 20 என்ற எண் கொண்ட பெட்டியைத்தான் இன்று பெரும்பாலும் நம்புகிறோம். யூவிஐடியின் அண்மைப் புறஊதாத் தடமும் 2018-ல் போய்விட்டது. ஐந்தாண்டு ஆயுள் என்று திட்டமிட்ட இந்தச் செயற்கைக்கோள் அதைத் தாண்டியும் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. உறுப்புகள் தேய்வது இயல்பு. லாக்ஸ்பிசி படம் எடுக்காத கருவி என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. நிலவைப் போல இரண்டு மடங்கு அகலமுள்ள வானத்துண்டிலிருந்து வருவதையெல்லாம் ஒன்றாக எண்ணும். மூலத்தின் ஒளி எவ்வளவு, பின்னணிச் சத்தம் எவ்வளவு என்று பிரிக்க, காலியான வானத்தைத் தனியாகப் பார்த்து ஊகிக்க வேண்டும். பிரகாசமான மூலத்துக்கு இது பொருட்டே அல்ல. மங்கலான மூலத்துக்கு, அதிலும் 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல், யாராவது நுணுக்கமான நிறமாலை முடிவு சொன்னால் பின்னணியை எப்படிக் கழித்தார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

செய்தித்தாளில் வருவதைப் படிக்கும்போதும் இந்த வேறுபாடு உதவும். 4யூ 1630-47 என்ற கருந்துளை உச்ச வேகத்துக்கு அருகில் சுழல்கிறது, அளவு 0.92 என்று ஆஸ்ட்ரோசாட், சந்திரா இரண்டின் தரவையும் வைத்து 2018-ல் ஒரு முடிவு வந்தது. 1 என்பது எல்லை. வேலை கவனமாகச் செய்தது. நிறமாலையின் வடிவத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வடிவத்திலிருந்து சுழற்சிக்குப் போக கருந்துளையின் நிறை, தொலைவு, சாய்வு எல்லாம் வேண்டும். அந்த மூலத்தை மறைக்கும் தூசியால் அதன் நிறையைத் துணை விண்மீனின் ஓட்டத்திலிருந்து நேரடியாக அளக்க முடிந்ததில்லை. எனவே "வேகமாகச் சுழல்கிறது" என்பதை நம்புங்கள், 0.92 என்ற எண்ணுக்குப் பின்னால் வரும் பிழை வரம்பு மாதிரியின் பிழையைச் சேர்க்காதது என்று நினைவில் வையுங்கள்.

கடைசிக் கேள்வி, உங்களுக்குப் பயன் உண்டா? உண்டு. 2018 செப்டம்பரிலிருந்து இஸ்ரோவின் விண்வெளி அறிவியல் தரவு மையம் பழைய ஆஸ்ட்ரோசாட் தரவுகளை எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கலாம். பகுப்பாய்வு மென்பொருள்களும் இலவசம். லினக்ஸ் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். ஜிஆர்எஸ் 1915+105-ன் 2016 அல்லது 2017 லாக்ஸ்பிசி தரவில் தொடங்குங்கள். 2018-க்குப் பிறகு அது மங்கிவிட்டது, அதை இப்போதைக்கு எடுக்காதீர்கள். முதலில் விநாடிக்கு ஒரு புள்ளியாக ஒளிவரைபடம் போடுங்கள். அந்த மூலத்தின் ஏற்ற இறக்கங்களைப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒன்று இதயத் துடிப்பு மாதிரியே, நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஏறி இறங்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. நான் முதலாமாண்டு ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒரு மூலத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் ஏற்ற இறக்கம் ஒன்றைக் கண்டேன். இரண்டு நாள் தூங்கவில்லை. வரைபடத்தை எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, "சாட்டிலைட் பூமியைச் சுத்த எவ்வளவு நேரம் ஆகும்ப்பா?" என்று மட்டும் கேட்டார். 98 நிமிடம். நான் கண்டது செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை. பூமி மறைப்பதும், துகள் பகுதியைத் தொட்டுப் போவதும், பின்னணி ஏறி இறங்குவதும் சேர்ந்து வரைந்த கோடு. நீங்களும் எந்தத் துடிப்பைக் கண்டாலும் அது 98 நிமிடமா, அதன் பாதியா, மூன்றில் ஒன்றா என்று முதலில் சரிபாருங்கள். அடுத்து அதே நாளின் காலி வானத் தரவிலும் அது தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தப்பித்த பிறகு, ஃபோட்டான்களை 3 முதல் 6 வரை ஒரு கூட்டம், 10 முதல் 20 வரை இன்னொரு கூட்டம் என்று பிரித்து, இரண்டு வரைபடங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.